மின்னல் பட்ட மோடம்: கோளாறு எங்கே?

இடி மின்னலுக்கு நம் வட்டாரத்தில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள்கள் இடி முழங்குகிறது என்பது அந்நாட்டு வானிலைத் துறையின் கணக்கு. மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரை மாநிலங்களும் இதில் சளைத்தவை அல்ல. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் வானம் கறுத்தால் தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பழக்கம். 1990களில் பிடுங்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் மோடமும் வந்து சேர்ந்தது. மற்றவற்றுக்கு ஒரு கம்பி, இதற்கோ இரண்டு. பலர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றொன்றை மறந்தார்கள்.

கணினிக்குப் புரிவது சுழி, ஒன்று என்ற இரண்டே இலக்கங்கள். தொலைபேசிக் கம்பிக்குத் தெரிந்ததோ மனிதக் குரலின் ஒலியலை. இவ்விரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நின்ற சிறு பெட்டிதான் மோடம். சிங்கப்பூரில் 1994இல் சிங்நெட்டும், மலேசியாவில் ஜாரிங்கை அடுத்து 1996இல் டிஎம்நெட்டும் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது வீட்டுக்கு அது வந்த வழி இந்தப் பெட்டிதான். 1511, 1515 என்ற எண்களை அழைத்துவிட்டு, கீச்சொலியும் இரைச்சலும் அடங்கும் வரை காத்திருந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டியதும், 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியதும் இந்தச் செம்புக் கம்பிக் காலத்தில்தான்.

இன்று பெரும்பாலான வீடுகளுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டது. ஆயினும் பழைய கணினியைத் தூசி தட்டி ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இணையவழித் தொலைபேசிக்கான சிறு மாற்றுப்பெட்டியோ, அலுவலகம் கழித்துப் போட்ட பழைய பிஏபிஎக்ஸோ இருந்தால் மோடத்துக்கு வேண்டிய லைன் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அப்படி அலமாரியிலிருந்து எடுத்த மோடம் விளக்கு எரிந்தும் வேலை செய்யாவிட்டால், எப்போதோ ஒரு மழை நாளில் அது அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சோதிக்கும் முறையையும், சோதிக்கும் கை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

தொலைபேசி பிழைத்தது, மோடம் ஏன் செத்தது?

ஒரே லைனில்தான் தொலைபேசியும் மோடமும் இருந்தன. மின்னலுக்குப் பிறகு தொலைபேசி வழக்கம்போல் பேசியது, மோடம் மட்டும் பேச்சற்றுப் போனது. அக்காலத்தில் பலரும் கண்டு வியந்த செய்தி இது. மோடம் மட்டமான பொருள், அதனால்தான் போய்விட்டது என்று கடைக்காரர் மேல் பழி போட்டவர்களும் உண்டு. உண்மைக் காரணம் வேறு.

மின்னல் நேராகக் கம்பியில் இறங்க வேண்டும் என்பதில்லை. சில நூறு மீட்டர் தொலைவில் விழுந்தாலும், கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் தொலைபேசிக் கம்பியில் பெரும் மின்னழுத்தம் தூண்டப்படும். அப்போது ஒரு கம்பி உயர்ந்து மற்றொன்று தாழ்ந்து நிற்பதில்லை. இரண்டு கம்பிகளும் சேர்ந்தே தரையைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகின்றன. சாதாரணத் தொலைபேசி இந்த இரண்டு கம்பிகளில் மட்டுமே தொங்கிக்கொண்டிருப்பதால் அதுவும் அவற்றோடு சேர்ந்து எழும்பிச் சேர்ந்து தாழ்ந்துவிடும். உயர்ந்த மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை அல்லவா, அதைப் போல.

மோடத்தின் நிலை அப்படியல்ல. அதன் ஒரு கை தொலைபேசிக் கம்பியைப் பிடித்திருக்கிறது. மற்றொரு கை கணினி வழியாக வீட்டு மின்சாரத்தின் தரைக்கம்பியைப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எழும்ப, மறு பக்கம் தரையோடு தரையாக நிற்க, அந்த வேறுபாடு முழுவதும் மோடத்தின் வயிற்றுக்குள் விழுகிறது. தொலைநகல் கருவியும், பதிவு செய்யும் தொலைபேசியும், கம்பியில்லாத் தொலைபேசியின் அடிப்பெட்டியும் இதே காரணத்தால் போயின. அவையும் இரண்டு வலைகளுக்கு நடுவே நின்றவையே.

சுவருக்கு அப்பாலும் இப்பாலும்

மோடத்தின் மூடியைத் திறந்தால், லைன் செருகும் துளைக்கு அருகே பலகையின் ஒரு மூலை மட்டும் ஒதுங்கி நிற்பதைக் காணலாம். அதற்கும் மற்ற பகுதிக்கும் நடுவே பல மில்லிமீட்டர் அகலத்துக்குச் செம்புக் கோடுகளே இல்லாத வெற்றிடம் ஒன்று ஓடும். இதுதான் மோடத்தின் நடுச்சுவர். மின்மாற்றி, ரிலே, ஆப்டோகப்ளர் ஆகிய மூன்று மட்டுமே இச்சுவருக்குக் குறுக்கே நின்று இரு பக்கத்துக்கும் சேதி கடத்துகின்றன. மின்மாற்றி ஒலியைக் காந்தப்புலம் வழியாகக் கடத்தும். ரிலே கணினியின் கட்டளைப்படி லைனை எடுக்கும், வைக்கும். ஆப்டோகப்ளர் என்ற சிறு சில்லு, வெளியே மணி அடிப்பதை உள்ளே ஒரு ஒளிப்பொட்டால் தெரிவிக்கும். செம்புக்குச் செம்பு தொடர்பு எங்கும் கிடையாது.

இந்தச் சுவர் மோடத்தைக் காக்க மட்டும் எழுப்பப்பட்டதன்று. கணினியில் ஏதோ பழுது ஏற்பட்டு 240 வோல்ட் தொலைபேசிக் கம்பியில் ஏறினால், எங்கோ கம்பத்தின் மேல் வெறுங்கையால் கம்பி பிணைத்துக்கொண்டிருக்கும் தொழிலாளியின் உயிர் போகும். அதே போல லைனில் வரும் அழுத்தம் உள்ளே தாண்டினால் விசைப்பலகையில் கை வைத்திருப்பவருக்கு ஆபத்து. லைனில் இணைக்கும் கருவிகளுக்கு அரசு ஒப்புதல் முத்திரை கேட்டதற்கு இது முக்கியமான காரணம்.

சுவருக்கு வெளியே லைன் பக்கத்தில் உள்ளவை மிகச் சில. துளையை ஒட்டி ஃபியூஸ், அல்லது சில ஓம் முதல் இருபது ஓம் வரையுள்ள தடை. அதை அடுத்து இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே நீல நிறத்திலோ மஞ்சள் நிறத்திலோ தட்டையான வில்லை போன்ற வேரிஸ்டர். பிறகு ரிலேயின் தொடுமுனை, நான்கு டையோடுகள் கொண்ட பாலம், லைனைப் பிடித்து வைக்கும் டிரான்சிஸ்டர். சில மோடங்களில் இந்த டிரான்சிஸ்டர் இல்லை. மின்மாற்றியின் சுருளே அந்த மின்னோட்டத்தைத் தாங்கும். இவற்றுக்கு ஒதுங்கலாக மணியோசையைப் பிடிக்கும் மின்தேக்கியும் தடையும் இருக்கும். மின்னலின் முதல் அடி விழுவது இவற்றின் மேல்தான். பெரும்பாலும் போவதும் இவைதாம். விலை என்று பார்த்தால் சில வெள்ளிகளுக்குள் அடங்குபவை.

மூடியைத் திறக்கும் முன்பே

முதலில் லைன் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மோடத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் தொலைபேசியைச் செருகி, ஏதாவது ஓர் இலக்கத்தை அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கரகரப்போ உறுமலோ கேட்டால் குற்றம் கம்பியில் இருக்கிறது. மோடத்தின் மேல் பழி போட வேண்டாம்.

அடுத்து, கணினியிலிருந்து மோடத்துக்கு ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அனுப்ப வேண்டும். 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்தில் புகுத்திய இந்தக் கட்டளை முறையை ஏறத்தாழ எல்லா மோடங்களும் பின்பற்றின. ஓகே என்று பதில் வந்தால் சுவருக்கு உள்ளே இருக்கும் மூளை உயிரோடு இருக்கிறது. பழுது பார்க்கும் முயற்சிக்குப் பொருள் உண்டு. பதிலே இல்லையென்றால் மின்னல் சுவரைத் தாண்டிவிட்டது என்று சந்தேகிக்கலாம். தொடர்கம்பியையும் மின்வழங்கியையும் மாற்றிப் பார்த்தும் பதில் வராத மோடத்தில் மேலும் நேரம் செலவழிப்பது என் கருத்தில் வீண். அது சுவரைத் தாண்டியிருந்தால் கணினியின் தொடர்வாயிலும் அடிபட்டிருக்கக்கூடும். அதையும் வேறு கருவி ஒன்றைச் செருகிச் சோதித்துவிடுங்கள்.

மூளை உயிரோடு இருக்கும் மோடத்தில், லைனின் மின்னழுத்தமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இரட்டைத் துளைப் பிரிப்பான் ஒன்றை வைத்து லைனோடு மோடத்தையும் மல்டிமீட்டரையும் இணையுங்கள். மழை இல்லாத நாளாக இருக்கட்டும். மீட்டரின் முனைகளில் உலோகத்தைத் தொடாதீர்கள். அழைப்பு வந்தால் அக்கம்பியில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்னழுத்தம் பாயும், அது உடம்பை நன்றாக உலுக்கும்.

யாரும் எடுக்காத லைனில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்க வேண்டும். மோடத்தைச் செருகிய கணமே அது சரிந்துவிட்டால், அல்லது வீட்டுத் தொலைபேசியே ஊமையாகிவிட்டால், மோடம் லைனைக் குறுக்கே இணைத்துவிட்டது என்று பொருள். வேரிஸ்டர் உள்ளுக்குள் உருகி ஒன்றாகிவிட்டது, அல்லது ரிலேயின் தொடுமுனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டுவிட்டன. பெரும்பாலும் முதலாவதுதான்.

48 வோல்ட் சரியாக நின்றால், ஏடி எச்1 என்ற கட்டளையைக் கொடுங்கள். ரிசீவரைத் தூக்கு என்பதே இதன் பொருள். ரிலே டிக் என்று ஒலிக்கும். மின்னழுத்தம் 6 முதல் 12 வோல்ட் அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் ஃபியூஸ், ரிலே, பாலம், பிடித்து வைக்கும் டிரான்சிஸ்டர் எல்லாம் நலம். டிக் ஒலி கேட்டும் 48 அசையாமல் நின்றால் வழியில் எங்கோ ஓர் அறுப்பு இருக்கிறது. ஒன்றிரண்டு வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், ரிலேக்கு அப்பால் பாலத்தின் டையோடோ டிரான்சிஸ்டரோ குறுக்கே இணைந்துவிட்டது.

லைனை ஒழுங்காக எடுத்தும் நோ டயல்டோன் என்று மோடம் முறையிட்டால், மின்னோட்டம் செல்கிறது, ஒலி செல்லவில்லை. ஏடி எம்2 எச்1 என்று கொடுத்தால் மோடத்தின் ஒலிபெருக்கி ஓயாமல் திறந்திருக்கும். அதில் டயல் டோன் கேட்டால் உள்வரும் பாதை சரி. அதன்பின் ஓர் எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். மோடம் எண்களை ஒலித்தும் டயல் டோன் நிற்கவில்லை என்றால் வெளிச்செல்லும் பாதை பழுது. ஒன்றுமே கேட்காவிட்டால் மின்மாற்றியையும் அதற்கு உள்பக்கமுள்ள ஒலிப்பெருக்கச் சில்லையும் சந்தேகிக்க வேண்டும். வெளியே அழைக்க முடிகிறது, வரும் அழைப்பை மட்டும் அறியவில்லை என்றால் மணியோசைப் பகுதியைப் பாருங்கள். நல்ல மோடம் ரிங் என்று திரையில் எழுதும்.

இன்னொரு வகை உண்டு, அதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. எல்லாம் வேலை செய்யும், 33,600 வேகத்தில் பிடித்துக்கொண்டிருந்த மோடம் மட்டும் 9,600க்கு இறங்கி அடிக்கடி அறுந்துபோகும். வேரிஸ்டர் முழுதும் சாகாமல் கசியத் தொடங்கினாலும், இரு கம்பிகளில் ஒன்றன் தடை மட்டும் மதிப்பு மாறினாலும் இப்படி ஆகும்.

திறந்த பிறகு

லைனையும் மின்வழங்கியையும் கணினிக் கம்பியையும் கழற்றிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். முதலில் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை கொடுங்கள். வெடித்த வில்லை, கருகிய தடை, ஆவியாகிப் போன செம்புக் கோடு, பலகையில் படிந்த கரி ஆகியவை பெரும்பாலும் தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபியூஸ் போயிருப்பதைக் கண்டவுடன் அதை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தி அடைவது வழக்கம். இங்கே அவசரம் கூடாது. ஃபியூஸ் போனதற்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு அடுத்திருக்கும் வேரிஸ்டர் இணைந்து போனதுதான். ஃபியூஸ் அறுந்திருக்கும் வரை லைனில் 48 வோல்ட் நலமாகத் தெரியும். புதிய ஃபியூஸ் போட்டதும் வீட்டு லைன் முழுவதும் ஊமையாகும். எனவே வேரிஸ்டரின் ஒரு காலைப் பலகையிலிருந்து விடுவித்து மீட்டரால் அளந்து பாருங்கள். நல்ல வேரிஸ்டர் எந்தப் பக்கம் அளந்தாலும் மின்சாரத்தை விடாது.

மாற்று வேரிஸ்டர் வாங்கும்போது அதன் அழுத்த அளவைக் கவனியுங்கள். அழைப்பு மணியின் 90 வோல்ட், உச்சியில் 127 வோல்ட்டைத் தொடும். அத்துடன் லைனின் 48ஐக் கூட்டினால் 175. மின்னல் வந்தால் மட்டும் விழித்து, மணியடிக்கும்போது தூங்க வேண்டிய பொருள் அது. ஆகவே 175க்கு நன்றாக மேலே, 230 முதல் 300 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும் வகை பொருந்தும். கைக்குக் கிடைத்தது என்று 60 வோல்ட் வில்லையைப் போட்டால் ஒவ்வொரு மணியையும் அது விழுங்கும்.

பாலத்தின் டையோடுகளை மீட்டரின் டையோடு நிலையில் அளக்கலாம். ஒரு பக்கம் ஏறத்தாழ 0.6 வோல்ட், மறு பக்கம் ஒன்றும் இல்லை என்றால் நலம். மின்மாற்றியின் ஒவ்வொரு சுருளிலும் சில பத்து ஓம் முதல் நூற்றுச் சொச்சம் ஓம் வரை இருக்கும். அறுந்த சுருள் முடிவற்ற தடை காட்டும். இரு சுருள்களுக்கும் நடுவே மாறாக எதுவுமே காட்டக் கூடாது. மணியோசைப் பகுதியில் 0.47 மைக்ரோஃபாரட் அளவிலான மின்தேக்கியையும், அதற்குத் தொடரான தடையையும், ஆப்டோகப்ளரையும் பாருங்கள். மின்தேக்கியை மாற்றினால் 250 வோல்ட்டுக்குக் குறையாததாக இருக்கட்டும்.

1990களின் இறுதியில் வந்த சில மோடங்களில், குறிப்பாகக் கணினிக்குள் செருகும் மலிவான அட்டைகளில், மின்மாற்றியே இராது. சுவருக்கு இருபுறமும் இரண்டு சிறு சில்லுகள், நடுவே உயர் அழுத்த மின்தேக்கிகள். லைன் பக்கச் சில்லு போனால் அட்டையையே மாற்றுவது மேல்.

கை வைக்கக் கூடாத இடம்

லைன் பக்கத்தில் எதை மாற்றினாலும் தவறான பாகத்தால் மோடம் ஓடாமல் போகும், அவ்வளவே. சுவரில் செய்யும் தவறு அப்படியல்ல. மோடம் அருமையாக ஓடும். ஆபத்து அடுத்த மின்னல் வரை வெளியே தெரியாது.

மின்மாற்றியின் சுருள் அறுந்துவிட்டது, அதே வகை கிடைக்கவில்லை என்று ஒலிப்பெட்டியிலிருந்து ஏதோ ஒரு சிறு மின்மாற்றியைப் பொருத்துவோர் உண்டு. ஒலி செல்லும், ஆனால் தொலைபேசிக்கென்று செய்த மின்மாற்றி 1,500 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும்படி சுற்றப்பட்டது, வானொலிப் பெட்டியின் மின்மாற்றிக்கு அந்த உறுதி கிடையாது. அதைவிட மோசம், மின்மாற்றியை நீக்கிவிட்டு இரண்டு சாதாரண மின்தேக்கிகளால் இரு பக்கத்தையும் இணைப்பது. ரிலேயும் அப்படியே, சுருளுக்கும் தொடுமுனைக்கும் இடையே உயர் அழுத்தம் தாங்கும் தொலைபேசி வகையே வேண்டும். பொருத்தமான பாகம் கிடைக்காவிட்டால் செத்த மோடம் ஒன்றிலிருந்து எடுத்துப் போடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் அந்த மோடத்தை லைனில் செருகாமல் விட்டுவிடுங்கள்.

பலகையில் அந்த வெற்றிடத்தின் குறுக்கே கருகல் ஓடியிருந்தால் இன்னும் கவனம் தேவை. கரி மின்சாரத்தைக் கடத்தும். துணியால் துடைத்து வெளுப்பாக்கினால் போதாது. பலகையின் இழைக்குள் கரி இறங்கியிருக்கும். அந்த இடத்தை நல்ல பலகை தெரியும் வரை அரத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். கருகல் ஆழமாகவோ அகலமாகவோ இருந்தால் பலகையைப் பாகங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்வதே முறை. ஈயம் வைத்து ஒட்டும்போது தெறித்த துளி ஒன்று வெற்றிடத்தில் கிடந்தாலும் சுவரில் ஓட்டை போட்டதற்குச் சமம். மூடுவதற்கு முன் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அப்பகுதியைப் பார்த்துவிடுங்கள். லைன் செருகும் முனைகளுக்கும் கணினித் தொடர்வாயிலின் உலோக உறைக்கும் இடையே மீட்டரின் மிக உயர்ந்த ஓம் நிலையில் எதுவும் காட்டக் கூடாது. வீட்டு மீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கிறது என்பதால், இச்சோதனையில் தவறிய மோடம் நிச்சயம் ஆபத்தானது என்று சொல்லலாமே தவிர, தேறியது ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

இனி அடிபடாமல்

மழை வருமுன் இரண்டு கம்பியையும் பிடுங்குவதைவிடச் சிறந்த காப்பு இன்றுவரை இல்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்கு வேண்டுமானால், மின்சாரமும் தொலைபேசி லைனும் ஒரே பெட்டிக்குள் நுழைந்து வெளியேறும் வகைக் காப்பை வாங்குங்கள். மின்சாரத்துக்கு ஒன்று, லைனுக்கு வேறோர் அறையில் ஒன்று என்று தனித்தனியாக மாட்டுவதில் பயன் குறைவு. ஒரே பெட்டியில் ஒரே தரைக்கம்பியில் இரண்டும் கட்டப்பட்டால்தான் மின்னல் நேரத்தில் இரண்டும் சேர்ந்து எழும்பும். நடுவில் உள்ள கருவியில் வேறுபாடு விழாது. மூன்று கால் பிளக்கின் தரைமுனை சுவருக்குள் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வீடுகளில் அது பெயருக்கு மட்டும் இருப்பதால் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இணையக் கம்பி வழியாக மின்னல் வரும் பழைய பாதை அடைபட்டுவிட்டது உண்மை. ஆனால் அதே வீட்டில் வாசல் தூண் வரை ஓடும் ஆட்டோ கேட் கம்பியும், வேலியோரக் கண்காணிப்புக் கேமராவின் கம்பியும், கூரையில் நிற்கும் ஆண்டெனாவும் செம்புதான். மழைக்குப் பிறகு கேட் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால், அதன் கட்டுப்பாட்டுப் பலகையும் மோடத்தைப் போலவே ஒரு கையில் வெளிக்கம்பியையும் மறு கையில் வீட்டு மின்சாரத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அங்கும் மின்சாரத்தை முற்றாக நிறுத்திவிட்டு, வெளிக்கம்பி வந்து சேரும் முனையிலிருந்து தொடங்கி, ஃபியூஸ், வேரிஸ்டர், ஆப்டோகப்ளர் என்று உள்நோக்கிப் பார்த்துக்கொண்டே போகலாம்.